முறிந்த விரல்: கட்டா, கத்தியா?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்குக் கைவிரலின் அருமையை வேறொருவர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளியெடுத்தவை விரல்கள். இன்று பல சரிவுகளில் பறிப்புக் கத்தரியும், இருவர் சேர்ந்து பிடிக்கும் எந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் அவற்றை இறுகப் பிடிப்பதும் அதே விரல்கள்தாம். கவ்வாத்துக் கத்தியை ஓங்குவதும், மூட்டையைத் தூக்கி லோரியில் ஏற்றுவதும், ஆலையில் கொழுந்தை உருட்டும் எந்திரத்தின் அருகில் வேலை செய்வதும் விரல்களே.

அந்த விரல்களில் ஒன்று முறிந்துவிட்டால் என்ன செய்வது? ஒருவர், "கட்டுப் போட்டால் போதும், தானே கூடிவிடும்" என்பார். இன்னொருவர், "ஆப்பரேஷன் செய்து கம்பி வைத்தால்தான் சரியாகும்" என்பார். மூன்றாமவர், "ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைத்துவிடுவார்கள்" என்று அஞ்சி, எண்ணெயைத் தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். இவர்களில் யார் சொல்வது சரி?

கட்டு என்பது பழமை, கத்தி என்பது புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கட்டு ஏழைக்கு உரியது, கத்தி வசதி உள்ளவருக்கு உரியது என்று எண்ணுவோரும் உண்டு. மருத்துவ வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இந்த இரண்டு எண்ணமும் தவறு என்பது விளங்கும். எந்த முறிவுக்குக் கட்டு, எந்த முறிவுக்குக் கத்தி என்று பிரித்தறிவதற்கே மனிதகுலம் நெடுங்காலம் பாடுபட்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைய பேச்சில் காண இருக்கிறோம்.

முதலில் நம் கையைப் பார்ப்போம். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு எலும்புகள், மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று. இரண்டு கைகளுக்கும் சேர்த்து 54 எலும்புகள். மனித உடம்பில் உள்ள 206 எலும்புகளில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, தசைநாண் என்னும் கயிறுகளால் விரலை இழுக்கின்றன. இந்தக் கயிறுகள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. ஆகவே விரல் எலும்பு முறிந்தால் எலும்பு கூடுவது மட்டும் போதாது. அதன் மேல் ஓடும் கயிறு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி ஓடவும் வேண்டும். விரல் வைத்தியத்தின் நுட்பம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

எலும்பைக் கட்டும் கலை மிகப் பழையது. எகிப்து நாட்டில் 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்லறைகளில், முறிந்த எலும்பின் மேல் மரப்பட்டையும் துணியும் வைத்துக் கட்டிய உடல்களை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்திருக்கிறார்கள். நம் பாரத நாட்டில் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், எலும்பு முறிவுக்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. அத்தி, அரசு, ஆல், மருது முதலிய மரங்களின் பட்டைகளையும் மூங்கிலையும் வைத்துக் கட்டலாம் என்று அது கூறுகிறது. குளிர் காலத்தில் 7 நாளைக்கு ஒருமுறையும், வெயில் காலத்தில் 3 நாளைக்கு ஒருமுறையும், இடைப்பட்ட காலத்தில் 5 நாளைக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டுமாம். கட்டுத் தளர்ந்திருந்தால் எலும்பு நிலைகொள்ளாது என்றும், அளவுக்கு மீறி இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

தமிழகத்தில் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும், ஊர்தோறும் இருந்த எலும்பு வைத்தியர்களும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். முட்டையின் வெள்ளைக் கருவும் உளுந்து மாவும் துணியில் தோய்ந்து காய்ந்தால் அட்டைபோல் விறைத்துக்கொள்ளும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆந்திர மாநிலத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் சென்னை வரையில் பரவியது. நம் மலேசியாவிலோ மூன்று இனத்தாரின் கலையும் ஒருங்கே இருந்தது. மலாய்க் கம்பங்களில் போமோ பாத்தா, சீனர் கடைத்தெருவில் சின்சே, தோட்டத்தில் நம்மவர் ஒருவர். மருத்துவமனை எட்டாத காலத்தில் இவர்களே மக்களுக்குக் கை கொடுத்தவர்கள். இவர்கள் கட்டிய விரல்களில் பல நன்றாகவே கூடின. அது பொய்யன்று. விலகாமல் முறிந்த விரல் எலும்பு, ஆடாமல் அசையாமல் இருந்தாலே பெரும்பாலும் கூடிவிடும்.

குறை எங்கே இருந்தது? தோலுக்கு அடியில் எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை. கையால் தடவித்தான் அறிந்தார்கள். முறிவு மூட்டுக்குள் புகுந்திருக்கிறதா, எலும்பு இரண்டாகியிருக்கிறதா, நான்காகியிருக்கிறதா என்பது தடவினால் தெரியாது. அதிலும் வீங்கிய விரலில் ஒன்றுமே தெரியாது.

இந்தக் குறை நாட்டு வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் அதே நிலைதான். 1852ஆம் ஆண்டில் ஆன்டோனியஸ் மதைசன் என்னும் டச்சு ராணுவ மருத்துவர், துணிப்பட்டையில் சுண்ணச் சாந்துப் பொடியைத் தேய்த்து வைத்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். நாம் மாவுக்கட்டு என்று சொல்வது அதுதான். சில நிமிடங்களில் கல்போல் இறுகும் அந்தக் கட்டு உலகமெங்கும் பரவியது. ஆனால் கல்போன்ற கட்டுக்குள் கை வீங்கினால் என்ன ஆகும்? 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் அதை விளக்கினார். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டால், சில மணி நேரத்திலேயே முன்கைத் தசை செத்துப்போய், விரல்கள் பறவை நகம்போல் மடங்கி நின்றுவிடுகின்றன என்றார். சுசுருதர் நூல் சொன்ன அதே எச்சரிக்கை! கட்டு மூங்கிலானாலும் சுண்ணமானாலும், இறுகினால் கேடுதான்.

அதே காலத்தில் மருத்துவர்களுக்குள் இன்னொரு வழக்கும் நடந்தது. முறிந்த எலும்புக்கு வேண்டியது ஓய்வா, அசைவா என்பதுதான் அது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் ஹியூ ஓவன் தாமஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் தந்தையும் முன்னோரும் வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியர்கள். பரம்பரைக் கலையோடு கல்லூரிப் படிப்பும் சேர்ந்தவர் அவர். கப்பல் தொழிலாளர்களுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். எலும்பு கூடும் வரையில் இடைவிடாத நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரான்சு நாட்டு லூக்கா ஷாம்பியோனியேர் என்பவரோ, நெடுநாள் அசையாமல் வைத்தால் மூட்டு விறைத்துப்போகும், சீக்கிரமே நீவிவிட்டு அசைக்க வேண்டும் என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி? தொடை எலும்புக்குத் தாமஸ் சொன்னது பெரிதும் பொருந்தியது. விரலுக்கோ ஷாம்பியோனியேர் சொன்னதில் உண்மை அதிகம். உடம்பின் ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு குணம் உண்டு என்பது இந்த வழக்கிலிருந்து கிடைத்த பாடம்.

தாமஸிடம் பயின்றவர் ராபர்ட் ஜோன்ஸ். மான்செஸ்டர் நகருக்குக் கப்பல் கால்வாய் வெட்டிய வேலையில் பல்லாயிரம் தொழிலாளர் ஈடுபட்டிருந்தார்கள். மண் சரிவதும், கை கால் முறிவதும் அன்றாட நிகழ்ச்சி. 1888இல் அவர்களுடைய மருத்துவப் பொறுப்பை ஏற்ற ஜோன்ஸ், கால்வாய் நெடுகிலும் முதலுதவி நிலையங்களும் மருத்துவமனைகளும் அமைத்தார். அடிபட்டவரை அங்கேயே கவனித்து, உடனே ரயிலில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நல்ல வைத்தியம் இருப்பது மட்டும் போதாது, அது தொழிலாளியிடம் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டிய ஏற்பாடு அது.

அதன்பின் வந்தது பெரும் மாறுதல். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்கன் என்னும் விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தார். டிசம்பர் 22ஆம் நாள் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் எதைக் காட்டியது தெரியுமா? அவர் மனைவியின் கை! விரல் எலும்புகளும், விரலில் அணிந்திருந்த மோதிரமும் அதில் தெரிந்தன. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே லிவர்பூலில் அதே ராபர்ட் ஜோன்ஸ், ஒரு சிறுவனின் கையில் புதைந்திருந்த குண்டை எக்ஸ்ரே படத்தால் கண்டறியச் செய்தார். இதுவரை தடவிப் பார்த்து அறிந்ததை இனிக் கண்ணால் பார்க்க முடிந்தது. கட்டா, கத்தியா என்ற கேள்விக்கு அறிவோடு விடை சொல்லும் காலம் அன்றுதான் பிறந்தது.

இனிக் கத்தியின் கதைக்கு வருவோம். முறிந்த எலும்பைத் திறந்து சேர்த்துக் கட்டினால் என்ன என்ற எண்ணம் பழையதே. ஆனால் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று வலி. 1846இல் அமெரிக்காவில் ஈத்தர் மயக்க மருந்தை வெளிப்படையாகப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே அந்தத் தடை நீங்கியது. மற்றொன்று சீழ். தோலைக் கிழித்த இடத்தில் கிருமி நுழைந்தால் கையே போகும், உயிரும் போகும். ஜோசப் லிஸ்டர் 1867இல் கிருமிகொல்லி முறையை வெளியிட்டார். 1877இல் அவரே ஒருவருடைய முழங்கால் சில்லு முறிந்தபோது, திறந்து வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். அது சீழ் பிடிக்காமல் கூடியது. அக்காலத்தில் இது பெரிய துணிவு.

விரலுக்கு ஏற்ற கருவி அதற்குப் பிறகு வந்தது. ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் மெல்லிய எஃகுக் கம்பியை எலும்பு வைத்தியத்தில் புகுத்தினார். முதலில் அது காலை இழுத்து வைக்கத்தான் பயன்பட்டது. பின்னர் ஊசிபோன்ற அந்தக் கம்பி, விரலுக்குப் பெரிதும் உகந்தது என்று கண்டார்கள். தோலைக் கீறாமலேயே, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டு, கம்பியைச் செலுத்தி முறிந்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தலாம். சில வாரங்களில் எலும்பு கூடியதும் உருவிவிடலாம். இன்றும் உலகெங்கும் முறிந்த விரலுக்குச் செய்யும் அறுவையில் அந்தக் கம்பிக்கே முதலிடம். 1940களில் பெனிசிலின் வந்ததும், 1958இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் கூடித் தகடு, திருகாணி முறைகளை ஒழுங்குபடுத்தியதும் கத்தியின் வலிமையை மேலும் பெருக்கின.

இப்படிக் கத்தி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் கட்டும் புதுப்பிறவி எடுத்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1925இல் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தின் துணையோடு ஒரு விபத்து மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் தலைவர் லோரன்ஸ் போலர். முறிவை நேராக்குதல், நேராக்கியதை அசையாமல் நிறுத்துதல், கட்டுக்கு வெளியே உள்ள மூட்டுகளை அன்றாடம் அசைத்தல் என்று மூன்று விதி வகுத்துக்கொண்டு, பெரும்பாலான முறிவுகளைக் கத்தியின்றியே குணப்படுத்தினார். முறையான வைத்தியம் கிடைத்த தொழிலாளி சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறான், ஊனத் தொகையும் குறைகிறது என்று கணக்கோடு காட்டினார். தொழிலாளியின் கையைக் காப்பது தருமம் மட்டுமன்று, சிக்கனமும்கூட என்பதை முதலாளிகளுக்கு உணர்த்தியவர் அவர்.

போலரின் நூல் அச்சேறிய ஆண்டு 1929. அதே 1929இல்தான் நம் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற அந்த மலைக் காட்டை வெட்டித் திருத்தித் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். மரம் சாய்ப்பதும் கல்லைப் புரட்டுவதும் கையை நசுக்கும் வேலைகள். வியன்னாவில் நடப்பது இங்கே யாருக்குத் தெரியும்? தோட்டத்து மருந்தகமும், டிரெசர் ஐயாவும்தான் துணை. தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் எக்ஸ்ரே வேண்டுமானால் வளைந்து வளைந்து செல்லும் சாலையில் மலையிறங்க வேண்டும். கட்டுவதா, கத்தி வைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் நிலையே அன்று நம்மவர்க்கு இருக்கவில்லை.

தமிழகத்திலும் கைக்கென்று தனி வைத்தியம் பின்னரே வளர்ந்தது. கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவையால் நிமிர்த்தினார். அறுவையில் பாதி வேலைதான் முடிகிறது, மீதி வேலை அதற்குப் பின் செய்யும் பயிற்சியில் இருக்கிறது என்பது அவருடைய மருத்துவமனையின் அனுபவம். வடசென்னையில் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் அருகில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி, அடிபட்ட கைகளுக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜா சபாபதி அந்தக் கலையை மேலும் வளர்த்தார். எந்திரத்தில் சிக்கிய தொழிலாளியின் கைதான் இந்த மருத்துவர்களுக்குப் பாடப் புத்தகம்.

நேயர்களே, இத்தனை காலப் படிப்பினையின் முடிவு என்ன? ஆல்பிரட் ஸ்வான்சன் என்னும் அமெரிக்கக் கை மருத்துவர் 1970இல் அதைச் சுருக்கமாக விளக்கினார். அவர் கருத்தின் சாரம் இது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் விரல் கோணும். தேவைக்கு மேல் வைத்தியம் செய்தால் விறைக்கும். செய்வதைத் தவறாகச் செய்தால் கோணலும் விறைப்பும் சேர்ந்தே வரும். கட்டுக்கும் இது பொருந்தும், கத்திக்கும் பொருந்தும்.

எந்த முறிவுக்குக் கட்டுப் போதும்? எலும்பு விலகாமல் இருந்தால், அல்லது விலகியதை இழுத்து நேராக்கிய பின் மறுபடியும் விலகாமல் நின்றால், கட்டே போதும். முறிந்த விரலைப் பக்கத்து நல்ல விரலோடு சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து ஒட்டுப்பட்டையால் கட்டுவார்கள். நல்ல விரல் முறிந்த விரலைத் தாங்கிக்கொள்ளும், கூடவே மடங்கி நீளவும் செய்யும். சிலவற்றுக்கு மூன்று நான்கு வாரம் தப்பைக் கட்டு வேண்டும். அப்போது விரலடி முட்டியை மடக்கியும், விரல் நுனிப் பக்கத்து மூட்டுகளை நீட்டியும் வைத்துக் கட்டுவார்கள். அப்படி வைத்தால் மூட்டு விறைக்கும் ஆபத்துக் குறைவு. விரல் நுனி அடிபட்டுத் தொங்கிவிட்டால், பெரும்பாலும் நுனியை நிமிர்த்திச் சிறு தப்பையை ஆறு முதல் எட்டு வாரம் வரை கழற்றாமல் வைத்திருந்தாலே சரியாகும். குளிக்கும்போது ஒரு தரம் கழற்றி நுனி தொங்கிப் போனாலும், நாளை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

"ஐந்து விரலும் ஒன்றுபோல இருக்குமா?" என்று நம் பெரியோர் கேட்பார்கள். முறிவிலும் அப்படியே. சுண்டுவிரலின் அடியில் உள்ள உள்ளங்கை எலும்பு, முட்டிக்குக் கீழே முறிந்து 40 பாகை வரை உள்ளே வளைந்திருந்தாலும், வேலைக்குப் பெரிய தடை வருவதில்லை என்பது மருத்துவர் பலரின் கருத்து. அந்த எலும்பின் அடி மூட்டு அசையக்கூடியது, அதனால் வளைவை ஈடுசெய்துகொள்ளும். ஆட்காட்டி விரலுக்கோ அந்த வசதி இல்லை. 10, 15 பாகைக்கு மேல் வளைந்தாலே தொல்லை. ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்குக் கட்டிலேயே சரியாயிற்று, எனக்கு மட்டும் ஏன் ஆப்பரேஷன் என்று கேட்பதில் பொருளில்லை. அவருடைய முறிவு வேறு, உங்களுடைய முறிவு வேறு.

கத்தி எப்போது வேண்டும்? முறிவு மூட்டுக்குள் புகுந்து மூட்டின் பரப்பு மேடு பள்ளமாகிவிட்டால் வேண்டும். நேராக்க நேராக்க மறுபடியும் விலகினால் வேண்டும். பல விரல்கள் ஒரே நேரத்தில் முறிந்திருந்தாலும், தசைநாணோ நரம்போ இரத்தக் குழாயோ அறுந்திருந்தாலும் பெரும்பாலும் வேண்டும். விரல் முறுக்கிக்கொண்டாலும் அப்படியே. விரல்களை மெதுவாக மடக்கும்போது எல்லா விரல்களும் கட்டைவிரலின் அடிப்பக்கத்தை நோக்கியே சாயும். முறிந்த விரல் மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டால் எலும்பு முறுக்கிவிட்டது என்று பொருள். நீட்டி வைத்தால் இது தெரியாது. அப்படியே கூடிவிட்டால் கத்தரியின் பிடியைக்கூட ஒழுங்காகப் பற்ற முடியாது. தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவுக்கு உடனே மருத்துவமனையில் கழுவிச் சுத்தம் செய்து, கிருமிகொல்லி மருந்தும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். அந்தப் புண்ணில் தழையோ எண்ணெயோ காப்பித் தூளோ வைக்கவே கூடாது.

கத்திக்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். தகடு வைத்த இடத்தில் தசைநாண் ஒட்டிக்கொண்டு விரல் விறைக்கலாம். கட்டுக்கும் விலை உண்டு. கட்டுக்குள் எலும்பு மெல்ல நழுவலாம். அதனால்தான் முதல் ஓரிரு வாரத்தில் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறார்கள். வலி குறைந்துவிட்டதே என்று அந்த நாளைத் தவறவிட்டால், நழுவிய எலும்பு நழுவிய இடத்திலேயே கூடிவிடும்.

அறுவை என்றதும் அஞ்ச வேண்டிய காலமும் மாறிவிட்டது. கனடா நாட்டு டொனால்டு லலோண்ட் முதலிய மருத்துவர்கள் பரப்பிய முறையில், கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே பல விரல் அறுவைகளைச் செய்கிறார்கள். மலேசிய மருத்துவமனைகளிலும் இது நடைபெறுகிறது. "விரலை மடக்குங்கள்" என்று சொல்லி, விரல் சரியாகச் செல்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வைத்தியம் இவ்வளவு வளர்ந்தும், கூலி போய்விடுமே என்ற கவலையில் முறிந்த விரலோடு மறுநாளே பெரட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சட்டத்தையும் சற்றுச் சொல்ல வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் செயற்படத் தொடங்கியது சொக்சோ. வேலையில் ஏற்படும் விபத்துக்கு அது மருத்துவச் செலவை ஏற்கிறது. விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பை டாக்டர் எழுதித் தந்தால், சட்டம் கணக்கிடும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காட்டை அந்த நாள்களுக்கு வழங்குகிறது. விரலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் மருத்துவக் குழு அதை அளவிட்டுத் தொகை நிர்ணயிக்கும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. உங்களோடு நிரையில் நிற்கும் வங்காளதேச, நேபாள, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே விரலில் அடிபட்டால் அன்றே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வேலையில் பட்ட அடி என்று டாக்டரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். பல வாரம் கழித்துச் சொன்னால் மெய்ப்பிப்பது கடினம்.

அடிபட்ட உடனே செய்ய வேண்டியவை சில. மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். ரான்ட்கன் படத்தில் அழகாகத் தெரிந்த அந்த மோதிரம், வீங்கிய விரலில் கழுத்துக் கயிறாகிவிடும். விரலை இழுக்கவோ நீவவோ வேண்டாம். அட்டையோ சிறு மரத்துண்டோ அடியில் வைத்துத் தளர்வாகக் கட்டி, கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நுண்ணிய அறுவை தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கட்டுப் போட்டு வீடு திரும்பிய பின், விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, தாங்க முடியாத வலி எடுத்தாலோ, இரவானாலும் திரும்பிச் செல்லுங்கள். சுசுருதர் நூலும் ஃபோல்க்மனும் எச்சரித்த ஆபத்து அதுவாக இருக்கலாம்.

டாக்டரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா? மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க எப்போது வர வேண்டும்? எந்த நாளிலிருந்து விரலை அசைக்கலாம்? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். கட்டிலும் சரி, கத்தியிலும் சரி, கட்டு அவிழ்ந்த பிறகு சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யாதவரின் விரல்தான் பெரும்பாலும் விறைத்துப்போகிறது. வீட்டுத் தாய்மார்கள் இதில் பெரிய துணை செய்யலாம். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, டாக்டர் சொன்ன அளவுக்கு நாளும் மடக்கி நீட்டச் செய்யுங்கள்.

மூங்கில் தப்பை கட்டிய ஆசானும், சுண்ணக் கட்டைத் தந்த மதைசனும், கம்பி தந்த கிர்ஷ்னரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். முறிந்த கையை மறுபடியும் உழைக்கும் கையாக்க முயன்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கிட்டாத எக்ஸ்ரேயும், பிரித்தறியும் அறிவும், சட்டத்தின் துணையும் இன்று நமக்கு இருக்கின்றன. கட்டா, கத்தியா என்பதை முறிவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். அடிபட்ட அன்றே அவரிடம் போய்ச் சேர்வது நம் பொறுப்பு.